வாப்பா உறையவைத்த போத்தல்

மன்னாரில் மூளையை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் கனபேர் இருக்கிறார்கள். அப்படிப் போனதற்குக் கழுத்தில் ஒரு அட்டையும் மாட்டிக்கொண்டவர் எங்கட வாப்பா ஒருத்தர்தான்.

பெயர் ஹுசைன். வயது ஐம்பத்திரண்டு. பதினாறு வயதில், சண்டைக் காலத்தில் முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டு வெளியேற்றினபோது, எல்லாரோடும் சேர்ந்து புத்தளத்துக்குப் போனவர். மற்றவர்கள் அங்கே கடை போட்டார்கள், வெளிநாடு போனார்கள், வாப்பா கல்பிட்டியில் ஐஸ் உடைத்தார். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் ஐஸ்தான் உடைத்தார். மரச் சுத்தியலால் கட்டியை நொறுக்கி, ஒரு அடுக்கு ஐஸ், அதுக்கு மேல் ஒரு பிடி கல்லுப்பு, அதுக்கு மேல் மீன், திரும்ப ஐஸ். உப்புப் போட்டால் ஐஸ் இன்னும் கடுமையாகக் குளிரும். அது ஏனென்று வாப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, விஞ்ஞான ரீச்சர் அதைப் படிப்பித்த அன்று நான் வகுப்பில் இல்லை. பிறகு பள்ளிக்கூடத்திலேயே இல்லை.

வாப்பா அடுக்கின அறக்குளா மீன் கொழும்புப் பக்கம் பேலியகொடை மீன்சந்தையில் இறங்கும்போது கண் கண்ணாடி மாதிரி இருக்குமாம். லொறிக்காரர் வந்து, அண்ணனை நானா என்கிற எங்கட வழக்கத்தில், "ஹுசைன் நானா அடுக்கினால் மீன் செத்ததே மீனுக்குத் தெரியாது" என்று சொல்லுவார்கள். இதைக் கேட்டால் மனிசனுக்கு முகம் சிவந்துபோகும். அந்தச் சந்தோசத்தில் ஒருநாள் இரண்டு ஆள் தூக்கவேண்டிய கட்டியைத் தனியே தூக்கினார். முதுகில் "டிக்" என்று ஒரு சத்தம். முள்ளந்தண்டில் ஏதோ விலகிவிட்டது, இனி ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருசம் வீட்டில் இருந்தார். உம்மா பின்னல் வேலை செய்தா, வாப்பா முகட்டைப் பார்த்தார்.

அப்போதுதான் தோட்டவெளியில் ஒரு வாடகை வீட்டில் பறவைக் காய்ச்சல் ஆராய்ச்சி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தூர தேசத்துப் பறவைகள் எங்கட களப்பில் வந்து இறங்கும். இறங்கினால் தின்னும், தின்றால் பேளும். அதைக் குச்சியால் எடுத்து இன்ஃப்ளூவென்சா வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மூன்று குளிர்சாதனப் பெட்டி, ஒரு வான், ஒரு டொக்டர். ரவிசந்திரன் என்று பெயர். இருமினால் மருந்து தருகிற டொக்டர் இல்லை, படித்துப் பட்டம் எடுத்த டொக்டர். இருமினால் ஒரு கட்டுரை எழுதுவார்.

ஐஸ் தெரிந்த ஆள் வேண்டுமென்று வாப்பாவை எடுத்தார்கள். பதவி "குளிர்ச்சங்கிலி உதவியாளர்". அதென்ன சங்கிலி என்று கேட்டேன். வாப்பாவுக்கும் தெரியவில்லை, ஆனால் படத்தோடு ஒரு அட்டை தந்திருந்தார்கள். அந்த அட்டையை ஒருநாள் எங்கட ஒழுங்கையில் நிற்கிற கழுதையின் கழுத்தில் மாட்டிவிட்டேன். கழுதை அதோடு சந்தைவரை போய்வந்தது. இரண்டு பேர் ஸலாம் சொன்னதாகக் கேள்வி. வாப்பா என்னை ஏசவில்லை. அட்டையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொடியில் கவ்வி போட்டுக் காயவிட்டார். அதுதான் அவருடைய பெரிய குறை. ஏசவேண்டிய இடத்தில் கழுவிக்கொண்டிருப்பார்.

அந்த வீட்டில் எல்லா வேலையும் ஒரு சின்னப் போத்தலில்தான் நின்றது. பெருவிரல் அளவு, உள்ளே அன்ரிபொடி என்று ஒரு திரவம். அங்கே உண்மையாக வேலை செய்கிற ஒரே ஆள் தனுசியா அக்கா, ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். வாப்பாவுக்குப் பகல் சாப்பாடு கொண்டுபோகும்போது அவதான் எனக்கு விளங்கப்படுத்தினவ. வைரசுக்குள் ஒரு புரதம் இருக்கிறதாம். இந்த அன்ரிபொடிக்கு உலகத்தில் அந்தப் புரதம் ஒன்றைத்தான் தெரியும். அதைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால், எடுத்து வந்ததை விட்டுப் பார்க்கிற பிளாஸ்டிக் தட்டில் அந்தச் சின்னக் குழி நீலமாகும். ஆளைக் காணாவிட்டால் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் கிடக்கும்.

"அப்ப இது தலையாட்டிதானே அக்கா" என்றேன். சண்டைக் காலத்தில் சுற்றிவளைப்பு நடந்தால் ஆமிக்காரர் சாக்கால் முகத்தை மூடி ஒருவனைக் கதிரையில் இருத்தி வைப்பார்களாம். ஊர்ச்சனம் அவன் முன்னால் வரிசையாகப் போகவேண்டும். அறிந்த ஆள் வந்தால் தலையை ஆட்டுவானாம், அந்த ஆளை அள்ளிக்கொண்டு போய்விடுவார்களாம்.

தனுசியா அக்கா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தா. பிறகு, "ஓம். அதுதான்" என்றா.

தலையாட்டி முழிப்பாக இருக்கிறானா என்று பார்க்க ஒவ்வொரு தட்டிலும் கடைசி இரண்டு குழியில் அந்தப் புரதத்தை வேண்டுமென்றே போட்டு வைப்பார்கள். அந்த இரண்டும் எப்போதும் நீலமாகவேண்டும். ஆகாவிட்டால் அந்தத் தட்டு சொல்கிற எதையும் நம்பக்கூடாது. முடிந்த தட்டுகளை எரிக்கக் கொண்டுபோவது வாப்பாவின் வேலை. எட்டு மாதமாக அந்த இரண்டு நீலத்தையும் பார்த்து "மாஷா அல்லாஹ்" சொல்லிவிட்டுத்தான் நெருப்பில் போடுவார். ஒருவரும் இல்லாத தட்டிலும் இரண்டு பேர் சாட்சி சொல்ல நிற்கிறார்கள் என்று அதில் அவருக்கு ஒரு பிரியம்.

மாசி மாதம் பழைய போத்தல் அடிமட்டத்துக்கு வந்தது. புதுப் போத்தல் கொழும்புக்கு வந்து, ஏதோ ஒரு கடதாசியில் கையெழுத்து இல்லையென்று இரண்டு நாள் ஒரு களஞ்சியத்தில் கிடந்தது. டொக்டர் வாப்பாவை அனுப்பினார்.

"ஹுசைன், எப்பிடியாவது குளிராய்க் கொண்டு வாங்கோ. சூடேறிச்சுதோ, எல்லாம் முடிஞ்சுது."

அவ்வளவுதான் சொன்னார். கூடக் குளிர்ந்தாலும் முடிந்தது என்று சொல்லவில்லை. அது பெட்டியில் இங்கிலிசில் எழுதியிருந்தது. டொக்டர்மாருக்கு இங்கிலிசில் எழுதியிருந்தால் ஊருக்கே சொன்னமாதிரி.

வாப்பா கொழும்பில் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே வைத்திருந்த குளிர்ப்பைகள் எல்லாம் கூழாகிக் கிடந்தன. நேரே பேலியகொடைக்கு ஓடி, பழைய ஆட்களைப் பிடித்து, நல்ல ஐஸாகப் பார்த்து வாங்கி, கையாலேயே நொறுக்கி, கல்லுப்புப் போட்டு அடுக்கினார். முதல்தர அறக்குளாவுக்குச் செய்கிற மரியாதை முழுவதையும் அந்தப் பெருவிரல் போத்தலுக்குச் செய்தார். பகல் பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார், முதுகு எரிய எரிய. இடையில் தேத்தண்ணி குடிக்கக்கூட இறங்கவில்லையாம்.

தோட்டவெளியில் டொக்டர் பெட்டியைத் திறந்தார். போத்தல் கல்லு. உள்ளே இருந்தது வெள்ளையாக உறைந்து கிடந்தது.

"சபாஷ் ஹுசைன்! இதெல்லோ வேலை!"

முதுகில் தட்டி, அதுவும் நோகிற இடத்திலேயே தட்டி, பெட்டியோடு தன்னை ஒரு படமும் எடுத்து முகநூலில் போட்டார். படத்தில் வாப்பாவின் முழங்கை மட்டும் தெரிந்தது. தனுசியா அக்கா அன்று லீவு. அடுத்த நாள் அவ வரும்போது போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் உருகி, ஒன்றும் நடக்காதமாதிரி இருந்தது.

இரண்டு கிழமையில் கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்திலிருந்து செய்தி வந்தது. சிவராணி என்று ஒரு பெண். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறின குடும்பம், கூலி வேலை. வீட்டில் அறுபது கோழி வளர்த்தா, நாலு நாளில் இருபத்திரண்டு செத்துப்போனது. குளத்தில் வேறு வெளிநாட்டுத் தாராப் பறவைகள் இறங்கிக் கிடந்தன. டொக்டர் வானில் போனார், வாப்பாவும் பெட்டியோடு போனார். சிவராணியின் மகன் தனுஷனுக்கு ஆறு வயது. அவன் செத்த கோழி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, "இது என் சிவப்பி" என்று வாப்பாவின் கையில் கொடுத்தானாம். வாப்பா வீட்டுக்கு வந்து அதை ஐந்து தரம் சொன்னார். ஐந்தாம் தரம் உம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விட்டா.

செவ்வாய்க்கிழமை புதுப் போத்தலை முதல்தரம் எடுத்துச் சோதித்தார்கள். ஒரு குழியும் நீலமாகவில்லை. டொக்டருக்குப் பெரிய நிம்மதி. அடுத்த நாள் ஒரு மண்டபத்தில் கூட்டம், பெரிய ஆட்கள் எல்லாம் வருகிறார்கள், அதில் சொல்லுவதற்கு அழகான ஒரு "இல்லை" கிடைத்துவிட்டது. உடனே சிவராணிக்குப் போன் எடுத்து, "பயப்பிட ஒண்டுமில்லை" என்றும் சொல்லிவிட்டார்.

நான் சாப்பாட்டோடு போனபோது வாப்பா அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றார்.

"பிள்ளை, இங்க ஒருக்கால் வாங்கோ" என்று தனுசியா அக்காவைக் கூப்பிட்டார். "கடைசி ரெண்டும் ஏன் சும்மா கிடக்குது?"

அக்கா உள்ளே ஒருதரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னா. "நானும் கண்டனான், நானா. டொக்டர் சேரிட்டச் சொன்னன். அந்தப் புரதம் பழசாயிருக்கும், விடும் எண்டிட்டார்."

"போன கிழமை வரைக்கும் அதே புரதம்தானே. நீலம் வந்தது."

"ஓம்."

"அப்ப மாறினது ஒண்டுதான். புதுப் போத்தல்."

அக்கா நிமிர்ந்து பார்த்தா. "நானா, அதை எப்பிடிக் கொண்டு வந்தனீங்கள்?"

வாப்பாவுக்கு முகம் சிவந்தது. "அதிலயெல்லாம் ஒரு குறையும் இல்லைப் பிள்ளை. உப்பு ஐஸ் போட்டுக் கல்லு மாதிரிக் கொண்டு வந்தனான்."

அக்கா கையுறையைக் கழற்றினா. போய்ப் பெட்டியில் வந்த துண்டுக் கடதாசியை எடுத்து வந்து வாசித்துக் காட்டினா. குளிரில் வைக்கலாம், உறைய விடக்கூடாது. உறைந்தால் அதோடு கோத்து வைத்திருக்கிற, நிறம் வரவைக்கிற சாமான் செத்துவிடும். அதாவது தலையாட்டி கதிரையில் இருக்கிறான், சாக்கும் போட்டிருக்கிறான், கழுத்துத்தான் அசையாது. அவன் முன்னால் ஆர் போனால் என்ன.

வாப்பா தட்டை நிலத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

"ஒருத்தருக்கும் தெரியாது, நானா" என்றா அக்கா. "என்ர வேலையும் இந்த மாசத்தோட புதுப்பிக்க வேணும். நீங்களும் சொல்லாதீங்கோ. சொன்னால் முதல் போறது நீங்கள்தான்."

வீட்டில் உம்மா இன்னும் தெளிவாகச் சொன்னா. "உங்களுக்கு இனி ஐஸ் தூக்க ஏலுமா? லொறியில ஏற ஏலுமா? இந்த வேலை போனா திரும்ப முகட்டைத்தான் பார்க்கவேணும். பொத்திக்கொண்டு இருங்கோ. உறையக் கூடாது எண்டு சொல்லாதது அந்தாளின்ர பிழை."

"அவர் சொல்லேல்ல, சரி. போட்டது நானெல்லோ, நசீறா."

"அப்ப போய்ச் சொல்லுங்கோ! சொல்லிப்போட்டு வந்து என்னட்டச் சோறு கேளுங்கோ!"

எனக்கும் உம்மாவின் பக்கம்தான் சரியென்று பட்டது. "வாப்பா, நீங்கள் அந்தக் கழுதையிட்ட அட்டையைக் குடுத்தாக்கூட அது வாயைத் திறக்காது" என்றேன். வாப்பா சிரிக்கவில்லை.

"அந்தப் பிள்ளை கோழிக்கூட்டுக்குள்ள திரியுது, மகள்" என்றார். அன்று இரவு சாப்பிடவும் இல்லை.

அடுத்த நாள் கூட்டத்தில் நடந்தது தனுசியா அக்கா சொல்லித்தான் தெரியும். திரையில் டொக்டர் ஒரு பெரிய பூச்சியத்தைப் போட்டுக் காட்டினாராம். வைரஸ் பூச்சியம். கதிரைகளில் இருந்தவர்கள் கைதட்டினார்களாம். ஒன்றுமில்லாததுக்குக் கைதட்டுவதற்கென்றே சில பேர் நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். வாப்பா அந்த நேரம் தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தவர், தட்டை முன்மேசையில் வைத்துவிட்டு அதிலேயே நின்றார்.

"சேர், குறை நினைக்காதீங்கோ. அந்தப் போத்தலை நான் உறைய வச்சுப்போட்டன்."

"ஹுசைன், பிறகு கதைப்பம்."

"பிறகெண்டால் அந்தப் பிள்ளை திரும்பவும் செத்த கோழியைத் தூக்கிக்கொண்டு திரியும், சேர்."

டொக்டர் சபையைப் பார்த்துச் சிரித்தாராம். "இவர் எங்கட ஆள்தான். பாவம், படிக்காத மனிசன். பதட்டப்படுறார்."

பின்வரிசையில் இருந்த ஒரு மிருக வைத்தியர், வயதான பெண், கையை உயர்த்தினா. "கட்டுப்பாட்டுக் குழி, அந்தக் கடைசி ரெண்டும் நிறம் மாறினதா, டொக்டர்?"

"அது ஒரு சின்னத் தொழில்நுட்ப விசயம்..."

"மாறினதா, மாறேல்லையா?"

டொக்டர் தண்ணீர் குடித்தார். அப்போது திரைக்குப் பக்கத்தில் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த தனுசியா அக்கா, எலி கத்துகிற அளவுச் சத்தத்தில், "மாறேல்லை" என்றா. எப்படி வாயில் வந்ததென்று தனக்கே தெரியாது என்று பிறகு என்னிடம் சொன்னா.

வாப்பா மண்டப வாசலில் வைத்தே சிவராணிக்குப் போன் எடுத்தார். நேற்றுச் சொன்னதை நம்பவேண்டாம், பிள்ளையைக் கோழிக்கிட்டப் போகவிட வேண்டாம், திரும்பச் சோதிக்கிறம் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஏச்சைப் போனைக் காதில் வைத்தபடியே முழுவதும் கேட்டு முடித்தார்.

பழைய போத்தலின் அடியில் பன்னிரண்டு குழிக்குப் போதுமான அளவு இருந்தது. பத்துக் கோழி, இரண்டு சாட்சி. வியாழக்கிழமை அக்கா அதைப் போட்டா. வாப்பாவை உள்ளே விடவேண்டாமென்று டொக்டர் உத்தரவு. ஆகவே வெளியே யன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். நானும் நின்றேன், சாப்பாட்டுப் பெட்டியோடு.

"நீலமா?" என்று கண்ணாடிக்கு வெளியே இருந்து கேட்டார். "பிள்ளை, நீலமா?"

அக்கா இரண்டு விரலைக் காட்டினா. கடைசி இரண்டும் நீலம். மற்றப் பத்தும் தண்ணீர்.

அதாவது இல்லை. முதலிலும் இல்லை, இப்பவும் இல்லை. கோழிகளுக்கு வந்தது வேறு நோய் என்று அந்த மிருக வைத்தியர் கண்டுபிடித்தா. உலகம் மாறவில்லை. வாப்பா பேசாமல் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இதை நான் வாய்விட்டும் சொன்னேன். வாப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. "கவனயீனத்தால் ஆய்வுப் பொருளுக்குச் சேதம் விளைவித்தமை." அட்டையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதையும் துடைத்துத்தான் கொடுத்தார். தனுசியா அக்காவின் வேலை தப்பியது, அவவை விட்டால் அங்கே தட்டுப் போடத் தெரிந்த ஆள் இல்லை. டொக்டர் அடுத்த மாதம் வெளிநாட்டில் ஒரு மகாநாட்டில் பேசப் போகிறாராம். தலைப்பு: கிராமப்புற ஆய்வுகளில் தரக்கட்டுப்பாடு. எனக்கு ஒரு விசா கிடைத்தால் முன்வரிசையில் போயிருந்து விசிலடிப்பேன்.

சனிக்கிழமை வாப்பா வெளிக்கிட்டார். எங்கே போறாராம் என்று உம்மா என்னிடம் கேட்டா, வாப்பா பதில் சொன்னார். "சிவராணிட்ட முகத்தப் பார்த்துச் சொல்லவேணும். போனில சொன்னா இனி நம்பாது." உம்மா என்னைப் பார்த்து, "நீயும் போ, அந்தாள் பஸ்ஸில விழுந்து கிடக்கும்" என்றா. அவ இரண்டு நாளாக வாப்பாவோடு பேசவில்லை. ஆனால் நோவெண்ணெய்ப் போத்தலைத் துணியில் சுற்றி என்னிடம் தந்தா.

சிவராணி வீட்டு வாசலில் மாடு கட்டிக்கொண்டு நின்றா. எங்களை இருக்கச் சொல்லவில்லை.

"என்னா நானா, மொதல்ல இல்லன்னாங்க. அப்புறம் நீங்க தெரியாதுன்னீங்க. இப்ப என்னா சொல்ல வந்திருக்கீங்க?"

"இல்லை, தங்கச்சி. அந்த நோய் இல்லை."

"அதத்தானே அந்தப் பெரிய ஐயாவும் சொன்னாரு!"

"அவர் சொன்னது பாராமல் சொன்னது. இது பார்த்துச் சொன்னது. ரெண்டு குழி நீலமானதை நான் என்ர கண்ணால கண்டனான்."

அவவுக்குக் குழியும் விளங்கவில்லை, நீலமும் விளங்கவில்லை. வாப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு உள்ளே திரும்பி, "டேய் தனுஷா, வெளிய வா" என்றா. மூன்று நாளாக வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்த பெடியன் அம்பு மாதிரிப் பாய்ந்து மிச்சக் கோழிகளிடம் ஓடினான்.

"ஆபீசுல அனுப்புனாங்களா ஒங்கள?"

"இல்லை. வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள்."

"ஏன்?"

வாப்பா சொன்னார். ஒரு எழுத்து விடாமல், தன்னுடைய பிழை எல்லாவற்றையும் முதலில் வைத்துச் சொன்னார். சிவராணி கேட்டு முடித்து என் பக்கம் திரும்பினா.

"இப்படி ஒரு மனுசன வச்சிக்கிட்டு ஒங்கம்மா எப்படிம்மா குடும்பம் நடத்துது?"

"எங்களுக்குப் பழகீட்டுது, அக்கா" என்றேன்.

முருங்கனில் பிடித்த மன்னார் பஸ் நிரம்பி வழிந்தது. வாப்பா ஒரு கையால் கம்பியையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வேர்வை. இருக்கைகளில் நல்ல திடகாத்திரமான ஆம்பிளைகள் கால் நீட்டி இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது.

"வாப்பா!" என்றேன், பஸ் முழுவதும் கேட்க. "நோய்க் கோழியளைப் பிடிச்ச கை. ஒருத்தரிலயும் முட்டாதீங்கோ. பறவைக் காய்ச்சல் கந்தோரில சொன்னது மறந்துபோச்சா?"

ஒரு நிமிசம் ஆகவில்லை. இருக்கை ஒன்று அல்ல, நாலு காலியானது. ஒருவர் மகளின் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னுக்குப் போனார். நான் வாப்பாவைத் தோளில் அமத்தி இருத்தினேன். முதுகு சாய்ந்ததும் மனிசன் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். இரண்டு மூன்று தரம் மூச்சு விட்டிருப்பார்.

பிறகு எழும்பிவிட்டார்.

"இல்லைப் பாருங்கோ, ஒருத்தரும் பயப்பிடாதீங்கோ" என்றார் பஸ்ஸைப் பார்த்து. "அந்த நோய் இல்லை. சோதிச்சாச்சு. என்ர மகள் பகிடிக்குச் சொல்றாள். முதல் சோதிச்சது பிழைச்சுப்போச்சு, அது என்ர பிழை, ஆனா ரெண்டாந்தரம் சரியாச் சோதிச்சது..."

சனம் கேட்டது. கேட்டுக்கொண்டே ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, அவரவர் இடத்தில் இருந்துகொண்டார்கள். வாப்பா இருந்த இடத்தில் ஒரு தடித்த மனிசன் இருந்து, "அப்ப அந்த நீலம் எப்பிடி வாறது?" என்று வேறு கேட்டான். உயிலங்குளம் தாண்டியும் வாப்பா நின்றுகொண்டே அவனுக்கு விளங்கப்படுத்தினார். நான் பின்னால் போய் நின்று, என் தோளை அவருடைய முதுகுக்கு முட்டுக் கொடுத்தேன்.

"கொஞ்சம் தள்ளி நில், மகள்" என்றார். "இடிக்கிறாய்."